தினைப்புனமும் தானியக் குதிரும்

குறிஞ்சித் திணைப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தினைப்புனங் காக்கும் பெண்ணை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யாது அப்பாற் செல்லுதல் இயலாது. கதிர் முற்றிய புனத்தின் நடுவே உயர்ந்த பரண், அப்பரண்மீது அவள். தழல், தட்டை, குளிர் என்னுங் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுகின்றாள். தலைவிக்கு வயது 12 என்பது களவியலுரை தரும் மரபு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இப்பாடங்களை நான் நடத்தி வருகின்றேன். கருவிகளின் பெயர்களுக்கு உரை கூறியிருக்கின்றேன். உள்ளுறையும் இறைச்சியும் விளக்கியிருக்கின்றேன். ஆயின், அவள் பள்ளிப் பருவத்தில் வேளாண் தொழில் புரியும் ஒரு பிள்ளை என்னும் எண்ணம் அண்மைக்காலம் வரை எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

அவ்வெண்ணத்தை எழுப்பியது தமிழ் நூல் அன்று. ஐக்கிய அமெரிக்காவிலே பண்ணைகளில் வேலை செய்யுஞ் சிறுவரின் பாதுகாப்புக்கு விதி வகுத்தல் தகுமா, தகாதா என்பது பற்றி 2011, 2012 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் விவாதமே அதனை எழுப்பியது. விவாதம் அந்நாட்டுக்குரியது, எனினும் அதனுள் அடங்கிய வினா பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர்க்கும் பொதுவானது. ஆதலின் அதனை ஈண்டு சிறிது விரித்துரைத்தல் பயனுடைத்து.

சட்டத்தின் வரலாறு

1938 ஆம் ஆண்டில், பிராங்கிளின் ரூஸ்வெல்ற் ஜனாதிபதியாயிருந்த காலத்திலே, நியாயத் தொழில் நியமங்கள் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவரை வருத்தி வேலை வாங்கும் வழக்கத்துக்கு அச்சட்டம் முடிவு கட்டியது. ஆனால் உழவுத் தொழிலைப் பெரும்பாலும் புறத்தே விட்டது. ஆலையிலே புகையுண்டு, பற்சக்கரமுண்டு. வயலிலோ திறந்த வானமும் தூய காற்றுமே உள என்பது அன்றையோர் நம்பிக்கை. குடும்பத்தார் கூடிச் செய்யும் தொழிலிற் குழந்தைக்குத் தீங்கு வருமோ என்றும் எண்ணினர்.

வயல் அவ்வாறே இருந்துவிடவில்லை. உழவு இயந்திரம் வந்தது. அறுவடைப் பொறி வந்தது. நச்சு மருந்துகள் வந்தன. வீட்டளவு உயர்ந்த தானியக் குதிர்கள் எழுந்தன. 1966 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், 1970 இல், 16 வயது நிரம்பாதோரைக் கூலிக்கு அமர்த்தலாகாத ஆபத்தான வேளாண் வேலைகளின் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. வலிமிக்க உழவு இயந்திரத்தை ஓட்டுதல், கன்று ஈன்ற பசு நிற்கும் அடைப்புக்குட் செல்லுதல், 20 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஏணிமேல் நின்று வேலை செய்தல், கொடிய நஞ்சுகளைக் கையாளுதல் முதலியன அப்பட்டியலில் அடங்கின.

இங்கே இரண்டு வேறுபாடுகளை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஏனைத் தொழில்களில் ஆபத்தான வேலைக்குரிய வயது 18, உழவிலோ 16. ஆபத்தில்லாதன எனக் கருதப்பட்ட வேலைகளுக்குப் பெற்றார் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளையையும் பள்ளி நேரம் ஒழிந்த வேளையிற் கூலிக்கு அமர்த்தலாம். நாளொன்றுக்கு இத்தனை மணி என்னும் வரையறையும் இல்லை. இஃது ஒன்று. பெற்றாரே உடைமையாளராகவோ நடத்துவோராகவோ உள்ள பண்ணையில் அவர்தம் பிள்ளை எவ்வயதிலும் எவ்வேலையும் செய்யலாம். ஆபத்துப் பட்டியலும் அங்கே செல்லாது. இது மற்றொன்று. பின்னெழுந்த பூசலுக்கெல்லாம் வித்தாக அமைந்தது இவ்விரண்டாவது வேறுபாடே.

குதிருக்குள் நிகழ்ந்தது

2010 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலினோய் மாநிலத்து மவுண்ட் கரோல் என்னும் ஊரில் நிகழ்ந்ததொன்றை அறிந்தாலன்றி இவ்விவாதத்தின் கனம் விளங்காது. அங்கே ஒரு வணிகத் தானியக் குதிரில் இளைஞர் சிலர் சோளத்தின்மேல் நடந்து, கட்டிபட்ட மணிகளை உடைத்து, அவை கீழே வழிந்தோடச் செய்யும் வேலையில் ஈடுபட்டிருந்தனர். அடியிலே தானியத்தை இழுத்துச் செல்லும் பொறி ஓடிக்கொண்டிருந்தது. இருவர் அமிழ்ந்து இறந்தனர். ஒருவனுக்கு வயது 19. மற்றவனுக்கு வயது 14. மூன்றாமவன் பல மணி நேரப் போராட்டத்தின் பின் மீட்கப்பட்டான்.

தானியத்தில் ஒருவன் அமிழ்ந்து சாவான் என்பதை நம்மவர் எளிதில் நம்பார். குவிந்து கிடக்கும் சோளம் தரையைப் போலவே தோன்றும். ஆனால் அடியிலிருந்து மணி வெளியேறத் தொடங்கியதும் அது நீரின் இயல்பைப் பெறுகின்றது. சில விநாடிகளில் முழங்கால் வரை புதையும். புதைந்த காலைத் தன் வலியால் இழுத்தெடுத்தல் ஒருவனால் ஆகாது. அரை நிமிடத்துக்குள் தலையும் மறையும். நீரிலாயின் நீந்தலாம், தானியத்தில் நீந்துவாருமில்லை. உடலிற் பூட்டி மேலே கட்டும் கயிறும், உள்ளே ஆளிருக்கும்போது பொறியை நிறுத்தும் ஒழுங்குமே உயிர்காப்பன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றைக் கேட்டுப் பெறும் துணிவு எங்கிருந்து வரும்? மூத்தோன் இறங்கென்றால் இறங்குவதே அவ்வயதின் இயல்பு.

இது தனியொரு நிகழ்ச்சி என்று ஒதுக்குதற்கும் இல்லை. 2003 முதல் 2016 வரை வேலையின்போது உயிரிழந்த, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் 452 பேர் என்றும், அவருள் 237 பேர் வேளாண்மையில் இறந்தவர் என்றும் அமெரிக்க அரசாங்கக் கணக்குப் பொறுப்பு அலுவலகம் 2018 இல் அறிவித்தது. அந்நாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுள் வேளாண்மையில் உள்ளோர் மிகச் சிறு பங்கினரே. சாவிலோ பாதிக்கு மேற்பட்ட பங்கு அவர்களுடையது.

விதியும் எதிர்ப்பும்

2011 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், ஹில்டா சொலிஸ் அம்மையார் செயலாளராயிருந்த அமெரிக்கத் தொழிற்றிணைக்களம் புதிய விதிகளை முன்மொழிந்தது. 16 வயது நிரம்பாதோர் விசையால் இயங்கும் பொறிகளைப் பெரும்பாலும் இயக்கலாகாது. புகையிலை வளர்ப்பிலும் பறிப்பிலும் ஈடுபடலாகாது. ஏணி உயரம் 6 அடிக்கு மேற்படலாகாது. 18 வயது நிரம்பாதோரை வணிகத் தானியக் குதிர்களிலும் கால்நடைச் சந்தைகளிலும் அமர்த்தலாகாது. இவையே அவற்றின் சாரம்.

எதிர்ப்புப் பெருவெள்ளமெனத் திரண்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் திணைக்களத்தை அடைந்தன. எதிர்த்தோர் கூறியவற்றை நேர்மையுடன் எடுத்துரைத்தல் நம் கடன். அவருள் பெரும்பாலார் பிள்ளைகளின் பகைவரல்லர்.

உழவு ஏட்டிற் கற்கும் கலை அன்று என்றனர். பசுவின் கண்ணைப் பார்த்து அதன் சினத்தை அறிதலும், காற்றின் மணத்தால் மழையை அறிதலும் இளமையில் வரவேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்பதையே அவர்களும் கேட்டனர். உழவர் மகன் உழவனாவது அருகிவரும் காலத்தில், தந்தையோடு வயலில் நிற்பதையும் குற்றமாக்கினால் மண்ணை யார் காப்பார் என்றனர். 'ஃபோர்-எச்' போன்ற கிராமச் சிறார் கழகங்கள் அளித்துவந்த பயிற்சிச் சான்றிதழை இனி ஏலோம் என்று முன்மொழிவு கூறியமை அவர்களை மேலும் வருத்தியது.

அவர்களுடைய வாதங்களுள் ஒன்று மறுக்கவொண்ணாதது. பெற்றாரின் பண்ணைக்கு அளித்த விலக்கினை முன்மொழிவு இறுகப் பொருள்கொண்டது. இன்றைய பண்ணைகளுள் எத்தனையோ அண்ணன் தம்பியர் கூட்டாகவும், பாட்டன் பெயரிலும், குடும்பக் கம்பனியாகவும் நடப்பவை. அங்கே தம்பி மகன் பெரியப்பனின் மாட்டைக் கறத்தல் கூலி வேலையா, குடும்ப வேலையா? தாத்தாவின் தோட்டத்துக்கு விடுமுறையிற் செல்லும் பேரன் சட்டத்தை மீறியவனா? விதி எழுதினோர் இதனைத் தெளிவாக்கவில்லை. 2012 பெப்ரவரியில் அப்பகுதியை மாற்றி எழுதுவதாகத் திணைக்களம் இசைந்தது. ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2012 ஏப்ரில் 26 ஆம் நாள் விதிகள் முழுவதையும் மீளப் பெற்றுக்கொண்டது. ஒபாமா ஆட்சி நீடிக்கும் வரை அவற்றை மேற்கொண்டு செலுத்துவதில்லை என்றும் உரைத்தது.

ஈண்டுத்தான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். பாட்டனின் தோட்டம் பற்றிய ஐயம் ஒரு பகுதிக்கே உரியது. அப்பகுதியைத் திருத்தியிருத்தல் கூடும். தானியக் குதிர் பற்றிய விதியும் புகையிலை பற்றிய விதியும் அதனோடு சேர்ந்து ஏன் மாண்டன? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவாறு முடிந்தது காரியம்.

இரு பிள்ளைகள், ஒரு பெயர்

காரணம் சொல்லில் உள்ளது என்று எனக்குத் தோன்றுகின்றது. சொல்லாராய்ச்சி எங்கள் தொழிலாதலின் இதனைக் கூறத் துணிகின்றேன். 'பண்ணைப் பிள்ளை' என்னும் ஒரு பெயரால் இருவேறு பிள்ளைகள் சுட்டப்பட்டனர். ஒருவன் உடைமையாளன் மகன். தன் நிலத்தில், தந்தை கண்முன், நாளைத் தனதாகப் போகுந் தொழிலைப் பயில்பவன். மற்றவன் பயிர்தோறும் ஊர் பெயர்ந்து செல்லும் கூலித் தொழிலாளியின் மகன். பிறர் நிலத்தில், மேற்பார்வையாளன் ஏவலில், மாலைக் கூலிக்காக உழைப்பவன். அந்நாட்டில் இத்தகையோர் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளின் மக்கள்.

விவாத மேடையில் நின்றவன் முதலாமவன். அவன்பொருட்டுச் சங்கங்கள் பேசின. காங்கிரசு உறுப்பினர் பேசினர். தன் பெற்றாரின் பண்ணையில் அவனைத் தடுக்கும் எண்ணம் விதிக்கு இருந்ததில்லை. விதி யாருக்கு நிழல் தரவிருந்ததோ அவன் மேடைக்கு வரவேயில்லை. அவன் தந்தைக்குக் கருத்துரை எழுத நேரமும் இல்லை, மொழியும் இல்லை, எழுதினால் வேலை போகுமென்னும் அச்சமும் உண்டு.

பெற்றாரின் சம்மதம் என்னும் தொடரும் அத்தகையதே. உடைமையாளன் தன் மகனை உழவு இயந்திரத்தில் ஏற்றும்போது அளிக்குஞ் சம்மதம் அறிவினின்று பிறப்பது. வாடகைக்கும் உணவுக்கும் தன் கூலி போதாதவன் மகனை இலை பறிக்க விடும்போது அளிக்குஞ் சம்மதம் இல்லாமையினின்று பிறப்பது. சட்டம் இரண்டையும் ஒரே நிறுவையில் இட்டு நிறுக்கின்றது.

புகையிலைப் பனி

2014 ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வொச் என்னும் மனித உரிமை அமைப்பு வட கரோலைனா, கென்டக்கி, தெனசி, வேர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்த, 7 முதல் 17 வரை வயதுடைய 141 பிள்ளைகளைக் கண்டு பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. குமட்டல், வாந்தி, தலையிடி, தலைச்சுற்று ஆகியவற்றைப் பிள்ளைகள் பலர் கூறினர். இவை பச்சைப் புகையிலை நோயின் குறிகள். இலையிலுள்ள நிக்கொட்டின் பனிநீரிலும் மழைநீரிலும் கரைந்து தோலின் வழியே உடலுட் புகுகின்றது. புகையிலையை வாயில் வையாதவனும் அதன் நஞ்சை ஏற்கின்றான். ஈரம் படாதிருக்கக் குப்பை கட்டும் கறுத்தப் பிளாஸ்ரிக் பைகளைக் கிழித்து அணிந்து வேலை செய்தோர் பிள்ளைகளுள் இருந்தனர்.

அறிக்கையின் பின், அவ்வாண்டு முடிவதற்குள், பெரும் புகையிலை நிறுவனங்கள் சில 16 வயதுக்குக் குறைந்தோரை அமர்த்தலாகாது எனத் தம் பயிர்ச்செய்கையாளருக்கு நிபந்தனை இட்டன. சட்டம் செய்யாததை நிபந்தனை ஓரளவு செய்தது. ஆயினும் ஒரு முரண் எஞ்சியது. 2019 டிசெம்பர் முதல் அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலைப் பொருளை விற்றல் குற்றம். அவ்விலையை வெறுங்கையாற் பறித்தலோ 12 வயதினர்க்கும் நாட்டுச் சட்டத்தால் விலக்கப்படவில்லை.

இதனைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்திலே புகையிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கிராமத்துப் பாடசாலையில் யான் கற்பித்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தை, மாசி மாதங்களில் முதற் பாடத்துக்கு நேரம் பிந்தியே வருவான். முகம் வெளிறியிருக்கும். ஒருநாள் பாடத்தின் நடுவே இருமுறை எழுந்தோடி வாந்தி எடுத்தான். உள்ளங்கை கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. "படிப்பிலே பஞ்சி பிடித்தவனுக்கு வயிற்றிலே நோ பிடிக்கும்" என்றேன், வகுப்புச் சிரித்தது. கையைக் கழுவி வா என்று அனுப்பினேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. விடியற்பனியில் புகையிலைப் பக்கத்தளிர் கிள்ளிவிட்டு, நேரே பாடசாலைக்கு வந்தவன் அவன் என்பதை ஊரார் அறிவர், யானும் அறிவேன். அக்கறுப்பு இலையின் பசை என்பதும், அவ்வாந்தி நோய் என்பதுமே யான் அறியாதன. அவ்வாண்டிறுதியோடு அவன் படிப்பு நின்றது. என் சொல்லே காரணம் என்று கூறேன். காரணங்களுள் ஒன்றாக இருந்திருத்தல் கூடும். அவன் தந்தை கொடியவரல்லர். தாமும் அவ்வயதில் அப்பனியில் நனைந்தவரே.

கற்பித்தலும் கட்டளையும்

விதி வேண்டாம், கற்பித்தல் போதும் என்பாருக்கு என் விடை இதிலிருந்தே பிறக்கின்றது. கற்பித்தல் வேண்டும், அதனை வேண்டாமென்று கூறின் என் தொழிலையே இகழ்ந்தவனாவேன். 1999 இல் வட அமெரிக்க அறிஞர், எவ்வயதுப் பிள்ளை எப்பண்ணை வேலையைத் தாங்கும் என்று பெற்றார்க்கு உரைக்கும் நெறிநூல் ஒன்றைத் தொகுத்தனர். நன்று. ஆனால் நெறிநூல் படிப்போனையே காக்கும். சுவீடன் 1959 இல் புதிய உழவு இயந்திரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. இயந்திரம் கவிழ்ந்து சாவோர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. உழவருக்குப் புத்தி சொன்னதோடு அந்நாடு நின்றுவிடவில்லை.

குடும்பப் பண்ணைக்குட் சட்டம் நுழைந்தால் குடும்பம் சிதையும் என்பதும் முற்றும் மெய்யன்று. பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டு விதிகளின்படி 13 வயது நிரம்பாத பிள்ளை, தன் தந்தையின் பண்ணையிலேயாயினும், உழவு இயந்திரத்தை ஓட்டவோ அதில் ஏறிச் செல்லவோ ஆகாது. அங்கே உழவர் குடும்பங்கள் அதனால் அழியவில்லை. அமெரிக்காவிலும் 2015 இல் சூழற் பாதுகாப்பு முகவர் நிலையம், உடைமையாளரின் நெருங்கிய குடும்பத்தாருக்கு விலக்கு அளித்து, ஏனையோருள் 18 வயது நிரம்பாதோர் பூச்சிகொல்லி நஞ்சைக் கையாளலாகாது என்று விதித்தது. உடைமையாளன் மகனையும் கூலிச் சிறுவனையும் வேறு பிரித்து எழுதியமையால் அவ்விதி நிலைத்தது. 2011 இன் விதி எழுதினோர் இத்தெளிவைத் தொடக்கத்திலேயே பெற்றிருப்பின், குதிருக்குள் இறங்கும் பிள்ளைக்கு ஓர் அரண் கிடைத்திருக்கும்.

நம் நாட்டிலும் 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வேலைக்கு அமர்த்துதற்குரிய குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் விடியலில் தோட்டத்திலிருந்து வரும் கையைக் காண்பவர் சட்டத்தரணி அல்லர். முதற் பாடத்துக்கு வகுப்பிலே நிற்கும் ஆசிரியரே. கறுத்த கையைக் கண்டால் கழுவி வா என்று கூறுமுன், எங்கிருந்து வருகின்றாய் என்று கேட்போமாக. கேட்டபின், அவன் தந்தையிடம் சென்று, வெயில் ஏறி இலை காய்ந்தபின் தளிர் கிள்ளலாமே, கையுறை இடலாமே, அதனைப் பெரியவர் செய்யலாமே என்று பேசுவோமாக. சட்டம் வருமுன்னும் இதனைச் செய்யலாம். வந்த பின்னும் செய்தல் வேண்டும்.

தினைப்புனத்துப் பெண்ணிடம் மீள்வோம். யானையும் பன்றியும் திரியும் மலைச்சாரலில் அவளைத் தரையில் நிறுத்தாது பரண்மீது இருத்தினர் குறவர். கிளியைக் காண்பதற்கு மாத்திரமா அவ்வுயரம்? பிள்ளைக்குத் தொழிலும் வேண்டும், தொழிலிடத்தே உயிருக்குக் காவலும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே இப்பொழுது எனக்குப் படுகின்றது. இவ்வாண்டு அப்பாடத்தை நடத்தும்போது தழலையும் தட்டையையும் விளக்கிய பின்னர், பரணைப் பற்றியும் மாணவர்க்குச் சிறிது கூறுவேன்.